புரோபோலிஸ்: தேனீப் பிசினின் வேதியியல் வரலாறு

புரோபோலிஸ் என்பது தேனீக்கள் மரமொட்டுகளிலும் தளிர்களிலும் கசியும் பிசினைச் சுரண்டி வந்து, மெழுகுடன் கலந்து, கூட்டின் ஓட்டைகளை அடைக்கப் பயன்படுத்தும் பசைப்பொருளாகும். தமிழில் இதனைத் தேனீப் பிசின் எனலாம். தேனும் மெழுகும் தேனீயின் உடலோடு தொடர்புடையவை. தேன் அதன் வயிற்றில் பக்குவப்படுகிறது, மெழுகு அதன் சுரப்பிகளில் உருவாகிறது. தேனீப் பிசினின் பெரும்பகுதியோ மரத்தின் சொத்து. இந்த எளிய உண்மையை அறிவியல் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. இன்று இப்பொருள் பற்றி எழும் குழப்பங்களில் பாதி, அந்த உண்மையை மறப்பதால் வருபவை.

ஐரோப்பியப் பிசினைப் பற்றி நூல்களில் வழக்கமாகத் தரப்படும் கணக்கு இது: ஏறத்தாழ 50 விழுக்காடு பிசின், 30 விழுக்காடு மெழுகு, 10 விழுக்காடு நறுமண எண்ணெய்கள், 5 விழுக்காடு மகரந்தம், எஞ்சியவை பிற. இதை ஒரு சராசரியாக மட்டுமே கொள்ள வேண்டும். கூட்டுக்குக் கூடு, பருவத்துக்குப் பருவம் இது மாறும்.

பண்டைய நூல்களில்

விலங்குகளின் வரலாறு குறித்த அரிஸ்டாட்டிலின் நூலில், கூட்டின் வாயிலில் தேனீக்கள் பூசும் கடுமணமுள்ள கரிய பொருள் ஒன்று குறிப்பிடப்படுகிறது. அடிபட்ட காயங்களுக்கும் சீழ்பிடித்த புண்களுக்கும் அது மருந்து என்றும் அவர் எழுதுகிறார். 'புரோபோலிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'நகருக்கு முன்னால்' என்று பொருள். கூடு என்னும் நகரின் வாயிலில் இருப்பதால் வந்த பெயர். உரோமானிய அறிஞர் வாரோ, வேளாண்மை குறித்த தம் நூலில் சுவையான செய்தி ஒன்றைத் தருகிறார். மருத்துவர்கள் இதைப் பற்றுப் போடப் பயன்படுத்தியதால், உரோம் நகரின் சாக்ரா வீதியில் இது தேனைவிடக் கூடுதல் விலைக்கு விற்றதாம். கி.பி. முதல் நூற்றாண்டின் பிளினி, உடலில் தைத்த கொடுக்கையும் முள்ளையும் வெளியே இழுக்கவும் வீக்கத்தை வற்றச் செய்யவும் இது உதவும் என்கிறார்.

இவற்றில் ஒன்று கவனிக்கத்தக்கது. மூவரும் சொல்வது வெளிப்பூச்சு மருத்துவம். விழுங்கும் மருந்தாகப் பிசின் பெற்றுள்ள புகழ் பெரிதும் பிற்காலத்தது.

எங்கிருந்து வருகிறது? ஒரு ஜெர்மானிய விவாதம்

1911இல் ஜெர்மனியில் கூஸ்டன்மாகர் என்பவர் தேனீப் பிசினில் சின்னமிக் அமிலம், சின்னமைல் ஆல்கஹால், வனிலின் ஆகியவை இருப்பதாக அறிவித்தார். இலவங்கப்பட்டைக்கும் வனிலாவுக்கும் மணம் தரும் சேர்மங்களின் குடும்பம் இது. பிசின் கமகமப்பதற்கான காரணம் ஓரளவு விளங்கியது. ஆனால் அவர் கூடவே ஒரு கொள்கையையும் முன்வைத்தார். தேனீக்கள் மகரந்தத்தைச் செரிக்கும்போது எஞ்சும் எண்ணெய்ப் பொருளே பிசினாகிறது, மரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது அக்கொள்கை. இதை ஏற்றவர்களும் இருந்தனர்.

1927இல் ரோஷ் என்னும் ஆய்வாளர், பிசின் சேகரிக்கும் தேனீக்களை நேரில் கவனித்து எழுதினார். வெயில் ஏறிப் பிசின் இளகும் வேளையில் தேனீ பாப்லர் மர மொட்டில் அமர்கிறது. தாடைகளால் பிசினைக் கடித்து இழுத்து, மகரந்தத்தைப் போலவே பின்னங்கால் கூடைகளில் ஏற்றுகிறது. கூட்டுக்குத் திரும்பியதும் தானாக இறக்க முடிவதில்லை. ஒட்டிக்கொண்ட பிசினை வேறொரு தேனீ சிறிது சிறிதாகப் பிய்த்தெடுக்க வேண்டும். கண்ணால் கண்ட சாட்சி கிடைத்த பின்னும் விவாதம் முழுதாக ஓயவில்லை. மொட்டிலும் கூட்டிலும் இருப்பவை ஒரே மூலக்கூறுகள் என்று காட்டும் வேதியியல் அப்போது வளர்ந்திருக்கவில்லை.

சிற்றரத்தையின் உறவு

அந்தச் சான்று 1960களில் வந்தது. 1964இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தேனீப் பிசினிலிருந்து காலாஞ்சின் என்னும் பிளேவனாய்டைப் பிரித்தெடுத்தனர். பாக்டீரியாவைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. தமிழ் வாசகருக்கு இப்பெயரில் பழகிய மணம் ஒன்று உண்டு. 'கலாங்கல்' எனப்படும் சிற்றரத்தைக் கிழங்கில் முதலில் கண்டறியப்பட்டதால்தான் அதற்கு அந்தப் பெயர். பிறகு பினோசெம்பிரின், கிரைசின் எனப் பட்டியல் நீண்டது. கிரைசின் பாப்லர் மொட்டில் இருப்பதை 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். ஆக, மரத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன் கண்ட பொருளே கூட்டிலும் கிடைத்தது. சோவியத் ஆய்வாளர் போப்ராவ்கோ, தம் நாட்டுப் பிசினில் பிர்ச் மர மொட்டின் பிளேவனாய்டுகளை அடையாளம் காட்டினார். மகரந்தக் கொள்கை கைவிடப்பட்டது.

மொட்டு ஏன் இவற்றைச் சுமக்கிறது என்பதும் இங்கே விளங்கும். குளிர்காலம் முழுதும் மூடிக் கிடக்கும் இளந்தளிரைப் பூஞ்சையும் பூச்சியும் தாக்காதிருக்க மரம் சுரக்கும் காப்பு அது. தேனீ அந்தக் காப்பைக் கடன் வாங்குகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. பிசின் பூசிய பெட்டிகளில் வாழ்ந்த தேனீக்களின் உடலில், பூசாத பெட்டியின் தேனீக்களைவிட நோய்த்தடுப்பு மரபணுக்கள் குறைவாகவே வேலை செய்தன என்று 2009இல் வெளியான கட்டுரை காட்டியது. சுற்றுப்புறம் தூய்மையாக இருந்ததால் உடல் போராட வேண்டிய தேவை குறைந்தது என்பதே இதன் பொருள். பூஞ்சை நோய் புகுத்தப்பட்ட கூடுகளில் தேனீக்கள் கூடுதலாகப் பிசின் தேடிச் சென்றதும் பின்னர் தெரியவந்தது.

காஃபியிக் அமிலத்தின் எஸ்டர்

1988இல் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குருன்பெர்கரும் உடன் ஆய்வாளர்களும் பிசினிலிருந்து காஃபியிக் அமில பீனெதைல் எஸ்டரைப் பிரித்து, அது இயல்பான உயிரணுக்களைவிடப் புற்றுநோய் உயிரணுக்களை அதிகம் கொல்கிறது என்று எழுதினர். காஃபியிக் அமிலம் காப்பிக்கொட்டை உட்படப் பல தாவரங்களில் உள்ளது. பீனெதைல் ஆல்கஹாலோ ரோஜா மணத்தின் ஒரு கூறு. இரண்டும் எஸ்டர் பிணைப்பால் இணைந்ததே இந்த மூலக்கூறு. 1996இல் இதன் செயல்முறை ஒன்று வெளியாயிற்று. உயிரணுவில் அழற்சிக்கான மரபணுக்களை முடுக்கிவிடும் என்.எஃப். கப்பா-பி என்ற புரதத்தை இது தடுக்கிறது.

இத்துடன் நிறுத்திக்கொண்டு 'தேனீப் பிசின் புற்றுநோயைக் குணமாக்கும்' என்று எழுதும் விளம்பரங்கள் ஏராளம். அவை சொல்லாமல் விடும் பகுதி பள்ளி வேதியியலிலேயே இருக்கிறது. எஸ்டர் நீராற்பகுக்கப்படும். எலியின் இரத்தப் பிளாஸ்மாவில் இந்த எஸ்டரைச் சேர்த்துப் பார்த்தபோது, அங்குள்ள நொதிகள் அதை விரைவாகப் பிளந்து காஃபியிக் அமிலமாக்கிவிட்டன. கண்ணாடித் தட்டில் உயிரணுக்கள் மீது நேராக ஊற்றும் செறிவும், விழுங்கியபின் இரத்தத்தில் எஞ்சும் செறிவும் ஒன்றல்ல. நோயாளி ஒருவர் உரிய சிகிச்சையைத் தள்ளிப்போட்டு இதை நம்பினால், இந்த வேறுபாட்டின் விலையை அவரே கொடுக்க நேரும்.

பிரேசிலின் பச்சைப் பிசின்

1956இல் பிரேசிலின் மரபியலாளர் வார்விக் கெர் ஆப்பிரிக்காவிலிருந்து ராணித் தேனீக்களைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டில் சில கூட்டங்கள் தப்பி, நாட்டிலிருந்த ஐரோப்பியத் தேனீக்களுடன் கலந்தன. மூர்க்கத்துக்குப் பேர்போன இக்கலப்பினம் தேனீ வளர்ப்பைக் குலைத்தது. ஆனால் இவை பிசின் சேர்ப்பதில் சளைக்காதவை. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் 'அலெக்ரிம் டோ காம்போ' எனப்படும் புதர்ச்செடியின் இளந்தளிரை இவை கொய்து சேர்க்கும் பிசின் பச்சை நிறமுடையது. பாப்லர் பிசினில் முதன்மையான பிளேவனாய்டுகளுக்குப் பதிலாக, பிரினைல் தொகுதிகள் இணைந்த சின்னமிக் அமில வழிப்பொருள்கள் இதில் மிகுதி. அவற்றுள் புகழ்பெற்றது ஆர்ட்டெபிலின்-சி. ஜப்பானியர் இதில் காட்டிய ஆர்வத்தால், முன்பு பெட்டியிலிருந்து சுரண்டி எறியப்பட்ட பொருள் ஏற்றுமதிச் சரக்காயிற்று.

அதே நாட்டின் அலகோவாஸ் கடற்கரைச் சதுப்புநிலத்தில் கிடைப்பது சிவப்புப் பிசின். டால்பெர்ஜியா இனச் செடியின் சிவந்த சாறு அதன் மூலம். கியூபாவில் குளுசியா மலர்களின் பிசினிலிருந்து நெமோரோசோன் வருகிறது. தைவானிலும் ஒகினாவாவிலும் மகரங்கா மரம் வேறொரு வகைப் பிளேவனாய்டுகளைத் தருகிறது. பல்கேரிய ஆய்வாளர்கள் 1999இல் பல நாட்டுப் பிசின்களை ஒப்பிட்டபோது, வேதிப்பொருள்கள் வெவ்வேறாக இருந்தும் எல்லாமே பாக்டீரியாவைத் தடுத்தன. தேனீக்கு இது போதும். மருந்தாளருக்குப் போதாது. பச்சைப் பிசினில் கிடைத்த ஆய்வு முடிவைக் காட்டிப் பாப்லர் பிசினை விற்பது, பெயர் ஒற்றுமையை வைத்து ஒரு மூலிகைக்குப் பதில் வேறொன்றைக் கொடுப்பது போன்றது.

மனிதரிடம் நடந்த சோதனைகள் குறைவு. பிரேசிலின் சால்வடாரில் கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்த 124 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையுடன் பச்சைப் பிசின் பெற்றவர்கள் சில நாள்கள் முன்னதாக வீடு திரும்பினர். எனினும் யாருக்கு மருந்து தரப்பட்டது என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்திருந்த ஆய்வு அது. ஆகவே அதைத் தொடக்கமாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளலாகாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் பிசின் பிளேவனாய்டுகள் குறித்த உடல்நலக் கூற்றுகளை ஏற்கவில்லை. ஒவ்வாமையோ ஐயமற்றது. தேனீ வளர்ப்போரின் கைகளில் வரும் தோல் அழற்சிக்குக் காரணம் காஃபியிக் அமில எஸ்டர்களே என்று 1987இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினர். மருந்தெனப் போற்றப்படும் அதே குடும்பம்தான்.

நம் நாட்டில்

நம் அடுக்குத் தேனீ பிசினை அநேகமாகத் தொடுவதில்லை. கொடுக்கற்ற கொசுத்தேனீதான் சுவர்ப் பொந்திலும் மரப்பொந்திலும் பிசினைக் குவித்து வாழ்கிறது. பெட்டிகளில் வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீயும் பிசின் சேர்க்கும். இங்குள்ள மரங்கள் வேறு என்பதால், ஐரோப்பிய நூல்களின் பட்டியலை இங்குள்ள பிசினுக்கு அப்படியே பொருத்த முடியாது.

விலை ஏறியதும் கலப்படமும் வந்தது. சீனச் சந்தையில் பாப்லர் மொட்டுகளை வேகவைத்து எடுத்த பசை, தேனீப் பிசின் என்ற பெயரில் விற்கப்பட்டது. பிளேவனாய்டுகள் இரண்டிலும் ஒன்றே என்பதால் வழக்கமான சோதனையில் அது தப்பிவிடும். ஆய்வாளர்கள் சாலிசின் என்ற பொருளைக் கொண்டு அதைப் பிடித்தனர். ஆஸ்பிரினின் முன்னோடியான இச்சேர்மம் பாப்லர் மொட்டில் உண்டு. தேனீ பிசினைக் கடித்து மெல்லும்போது அதன் உமிழ்நீர் நொதி, சாலிசினிலிருந்து சர்க்கரையைப் பிரித்துவிடுகிறது. எனவே உண்மையான தேனீப் பிசினில் சாலிசின் இராது. மரப்பசையில் அது அப்படியே எஞ்சி நிற்கும்.