டி-520

விம்பிள்டன் எஃப்ரா சாலையில் 1981 முதல் பிள்ளையார் குடியிருக்கிறார். அந்தக் கோயிலின் ஆங்கிலப் பெயரில் கணபதி 'ஜி-எச்' என்று தொடங்குவார். மயிலாப்பூர்க்காரர் எழுதினால் வெறும் 'ஜி'. யாழ்ப்பாணத்துக் கணபதிப்பிள்ளைகளுக்குப் பரம்பரை பரம்பரையாக 'கே'. கடைசி எழுத்து 'ஒய்'யா 'ஐ'யா என்பது தனி வழக்கு. தமிழில் நாலே எழுத்து, ஒரு தகராறும் இல்லை.

கோயிலில் இது யாருக்கும் தொந்தரவு இல்லை. ஐயர் அர்ச்சனைக்குப் பெயரையும் நட்சத்திரத்தையும் காதால் கேட்கிறார், வாயால் சொல்கிறார். தொந்தரவு பட்டியல் போடுகிறவனுக்குத்தான். ஒரு சங்கத்தின் அழைப்பிதழ்ப் பட்டியல் என் கைக்கு வந்தபோது அதில் ஒரே தர்ஷினி 'டி-எச்'சில் ஒருமுறையும் 'டி' (தாமஸின் டி அல்ல, டேவிட்டின் டி) என்று இன்னொருமுறையும் இருந்தார். ஒரே வீட்டுக்கு இரண்டு அழைப்பிதழ், இன்னொரு வீட்டுக்கு ஒன்றுமில்லை. கோபித்துக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்த ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இந்த மாதிரிச் சிக்கலுக்கென்றே தரவுத்தளங்களுக்குள் ஒரு ஃபங்ஷன் உட்கார்ந்திருக்கிறது. ஃபங்ஷன் என்றால் நம் வீடுகளில் காதுகுத்தும் சாமத்திய வீடும்தான். கணினிக்காரர்கள் சொல்வது வேறு. ஒரு சொல்லையோ எண்ணையோ உள்ளே போட்டால், அதை வேறு உருவில் திருப்பித் தரும் சிறு எந்திரம். தரவுத்தளத்தோடு சேர்ந்தே வருவதால் நாம் எழுத வேண்டியதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். எழுத்தையெல்லாம் பெரிய எழுத்தாக்கும் அப்பர், ஓரத்து வெற்றிடங்களை நறுக்கும் ட்ரிம், நடுவில் ஒரு துண்டை வெட்டித் தரும் சப்ஸ்ட்ரிங் என்று ஒரு பெரிய குடும்பமே உண்டு. அதில் மிக விசித்திரமானது சவுண்டெக்ஸ். பெயரை அது எழுத்தாகப் பார்க்காது. காதால் கேட்பது போலக் கேட்டு, ஓர் எழுத்தும் மூன்று இலக்கமும் கொண்ட குறியீடாக்கும்.

தரவுத்தளம் என்ற சொல்லே இல்லாத காலத்தில் பிறந்த ஃபங்ஷன் இது. கணினியும் அப்போது இல்லை. பிட்ஸ்பர்க் நகரத்து ராபர்ட் சி. ரஸ்ஸல் என்பவருக்கு 1918 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. காப்புரிமையின் தலைப்பு வெறும் 'இண்டெக்ஸ்', அதாவது அட்டைகளையும் பதிவேடுகளையும் அடுக்கி வைக்கும் முறை. அலுவலக இழுப்பறையில் ஒரு பெயரைத் தேடுகிற குமாஸ்தாவுக்கு அந்தப் பெயர் எப்படி ஒலிக்கும் என்று தெரியும், எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று தெரியாது. ஸ்மித்தில் நடுவே 'ஐ'யா 'ஒய்'யா? அகரவரிசைப்படி அடுக்கினால் இரண்டும் இரண்டு இழுப்பறைக்குப் போய்விடும். ஒலிப்படி அடுக்கினால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ரஸ்ஸலோடு இந்த முறைக்குப் பெயர் சேர்க்கப்படுகிறவர் மார்கரெட் கே. ஓடெல். 1922-இல் இரண்டாவது காப்புரிமை வந்தது.

முறை எளியது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள். உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, ஒய் மூன்றையும் தள்ளு. மிச்சமுள்ள மெய்களுக்கு எண் கொடு: பி (பாலின் பி, பாபின் பி இரண்டும்), எஃப், வி எல்லாம் 1. சி, ஜி, ஜே, கே, கியூ, எஸ், எக்ஸ், இசட் எல்லாம் 2. தாமஸின் டி, டேவிட்டின் டி 3. எல் 4. எம், என் 5. ஆர் 6. ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் ஒன்றாக்கு. மூன்று எண் சேர்ந்ததும் நிறுத்து. குறைந்தால் பூஜ்யம் போட்டு நிரப்பு.

பட்டியலைப் பார்க்கும்போது நமக்கு எங்கோ கேட்டது போல இருக்கும். எழுத்தை அது வாயில் எங்கே பிறக்கிறது என்று பார்த்துக் கூட்டமாக்குவது தொல்காப்பியத்தில் பிறப்பியல் செய்த வேலை. உதடுகள் கூடும்போது பகரமும் மகரமும், மேற்பல்லும் கீழுதடும் சேரும்போது வகரம். ரஸ்ஸலும் மகரம் நீங்கலாக உதட்டெழுத்துகளை ஒரு பெட்டியில்தான் போட்டார். அது மட்டுமா, பாலின் பி-க்கும் பாபின் பி-க்கும் ஒரே எண் என்பது தமிழ் எழுத்து முறை எப்போதோ முடித்துவிட்ட காரியம். நமக்கு ஒரே ப, ஒரே த, ஒரே க. கணபதியை எந்த இழுப்பறையில் தேடுவது என்ற கேள்வி தமிழில் எழாததற்கு அதுதான் காரணம். ஆனால் கேயையும் எஸ்ஸையும் ஒரே பெட்டியில் போட்டதைத் தமிழ் இலக்கணக்காரர் எவரும் மன்னிக்க மாட்டார். ககரம் அடிநாக்கில், சகரம் இடைநாக்கில். ஆங்கிலத்தில் 'சி' என்ற ஒரே எழுத்து இரண்டு வேலையும் பார்ப்பதால் வந்த வினை அது என்று நினைக்கிறேன்.

இழுப்பறைகளோடு போயிருக்க வேண்டிய இந்த முறைக்கு மறுவாழ்வு கொடுத்தது முதியோர் ஓய்வூதியம். 1935-இல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வயதுக்குச் சான்று வேண்டும், ஆனால் முதியவர்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் குழந்தையாகப் பதிவாகியிருப்பார்கள். அந்தக் குழந்தையை எப்படிக் கண்டுபிடிப்பது? கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று, காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு போனவர். பெருமந்தக் காலத்தில் வேலையில்லாதோருக்கு வேலை தந்த அரசுத் திட்டத்தின் ஆட்கள் உட்கார்ந்து, கணக்கெடுப்பின் பெயர்களைச் சவுண்டெக்ஸ் குறியிட்டு அட்டை அட்டையாக எழுதினார்கள். 1880-க்கான அட்டைகளில் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தை இருந்த வீடுகள் மட்டுமே இருக்கும். 65 வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தானே! 1900-க்கும் 1920-க்கும் முழு நாட்டையும் செய்தார்கள்.

இனித் தரவுத்தளத்தின் பக்கம். அட்டவணைகளாகத் தரவைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை 1970-இல் எழுதியவர் எட்கர் காட். இங்கிலாந்தின் டோர்செட்டில் போர்ட்லண்ட் தீவில் பிறந்து, கலிபோர்னியாவில் ஐபிஎம்மில் இருந்தவர். அங்கேயே டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் அதற்கொரு வினவல் மொழி செய்து 'சீக்வெல்' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் ஏற்கெனவே ஹாக்கர் சிட்லி என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் வணிகக்குறி. உயிரெழுத்துகளை உதிர்த்துவிட்டு எஸ்-கியூ-எல் ஆக்கினார்கள். சவுண்டெக்ஸும் செய்வது இதைத்தான்! ஹாக்கரின் விமானங்கள் வடிவம் பெற்ற கிங்ஸ்டன், விம்பிள்டனிலிருந்து 57-ஆம் எண் பஸ்ஸில் போய்விடும் தூரம்.

அந்த மொழிக்கு 1986-இல் முதல் தரநிலை வந்தபோது அதில் ஃபங்ஷன் என்று இருந்தவை ஐந்தே ஐந்து: எண்ணிக்கை, கூட்டுத்தொகை, சராசரி, பெரியது, சிறியது. எல்லாம் கணக்குப்பிள்ளை வேலை. எழுத்தைத் தொட்டுத் திருத்தும் அப்பர், ட்ரிம், சப்ஸ்ட்ரிங் போன்றவை தரநிலைக்குள் நுழைந்தது 1992-இல். விற்பனைக்கு வந்த தரவுத்தளங்கள் காத்திருக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்கக் கேட்க அவரவர் போக்கில் ஃபங்ஷன்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ட்ரிம்மை எடுத்துக்கொள்ளுங்கள். 80 பத்தி கொண்ட துளை அட்டையில் பெயருக்கு இருபது இடம் ஒதுக்கினால், 'ரவி'க்கு மிச்சமெல்லாம் வெற்றிடம். அட்டை போய்விட்டது, அந்த வெற்றிடம் போகவில்லை. அதை இன்றும் நறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

சவுண்டெக்ஸ் இன்றுவரை தரநிலையில் இல்லை. ஆனாலும் ஆரக்கிளில் இருக்கிறது, மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் இருக்கிறது, மைஎஸ்கியூஎல்லில் இருக்கிறது. இழுப்பறைக்கும் இவற்றுக்கும் நடுவே பாலமாக நின்றது ஒரு புத்தகம். டொனால்ட் கனூத் 1973-இல் வெளியிட்ட நிரலாக்கக் கலை நூலின் மூன்றாம் தொகுதி, தேடலைப் பற்றிப் பேசும்போது இந்த முறையை விளக்கியது. ஆரக்கிளின் கையேடு இன்றும் அந்தத் தொகுதியைத்தான் சுட்டுகிறது.

என் சங்கப் பட்டியலை இதற்குள் போட்டுப் பார்த்தேன். 'ஜி-எச்' கணபதியும் 'ஜி' கணபதியும் ஒரே குறி, ஜி-513. மகிழ்ச்சி. 'கே' கணபதி கே-513. எண் ஒன்றுதான், ஆனால் முதல் எழுத்தை மாற்றமாட்டேன் என்ற ரஸ்ஸலின் பிடிவாதம் குறுக்கே நிற்கிறது. ஊர்ப்பெயரும் தப்பவில்லை. விம்பிள்டன் டபிள்யூ-514. நம் காதுக்கு வகரம் ஒன்றுதான் என்று 'வி' போட்டு எழுதினால் வி-514. நடுவில் 'பி'யை எந்தப் 'பி'யாக எழுதினாலும் பரவாயில்லை.

கிருஷ்ணன் கே-625. கிருஷ்ணமூர்த்தியும் கே-625. கிருஷ்ணசாமி, கிருஷ்ணவேணி, கிருஷ்ணபிள்ளை எல்லோரும் கே-625. மூன்று எண்ணோடு நிறுத்து என்பது ஸ்மித்துகளுக்குச் சரி. நம் பெயர்கள் அந்த இடத்தில்தான் மூச்சே விடத் தொடங்குகின்றன. சிவகுமாரும் சிவகாமியும் சிவஞானமும் எஸ்-125 என்ற ஒற்றைக் கட்டிலில் படுத்திருந்தார்கள். மைஎஸ்கியூஎல் மட்டும் குறியை வெட்டாமல் முழு நீளத்துக்கும் தருகிறது. அங்கே கிருஷ்ணமூர்த்தி பிழைத்துக்கொள்கிறார்.

யாழினியின் பாடு எதிர்மாறானது. சென்னைக்காரர் ழகரத்துக்கு இசட்-எச் போடுவார்: ஒய்-250. எல் மட்டும் போட்டால் ஒய்-450. யாழ்ப்பாண வழக்கில் ஆர்-எல்: ஒய்-645. ஒரே பெண், மூன்று இழுப்பறை.

பிட்ஸ்பர்க்கின் காது தங்களுக்குப் பொருந்தவில்லை என்று கண்டவர்கள் நமக்கு முன்பே இருந்தார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களுக்காக 1985-இல் டெய்ட்ச்-மோகோடாஃப் முறை வந்தது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் அதைத் தன் துணைத்தொகுப்பில் சேர்த்தது 2023-இல். லாரன்ஸ் ஃபிலிப்ஸ் 1990-இல் மெட்டாஃபோன் செய்தார். தமிழ்ப் பெயருக்கென்று ஒன்று இந்தத் தரவுத்தளங்களோடு உடன்பிறந்ததாக வருவதில்லை. கே-யையும் ஜி-யையும் ஒன்றாக்கும் சிறு விதிகளை நானே எழுதி ஓட்டினேன். இசட்-எச், எல், ஆர்-எல் மூன்றையும் ஒரே ழகரமாக்கினேன். மெய்தான் ஃபங்ஷன், உயிர் கொடுக்கிறவன் குமாஸ்தாவே.

ஒலியால் தீராத சிக்கலும் உண்டு. டென்னிஸ் பக்கம் போனால் தெரியும். 1954-இல் விம்பிள்டனில் சிறுவர் பட்டம் வென்று, 1960-இலும் 1961-இலும் அரையிறுதி வரை போனவர் நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன். 1979-இல் அதே சிறுவர் பட்டத்தை வென்று, 1986-இல் காலிறுதி ஆடியவர் அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன். முதற்பெயரின் முதல் எழுத்தை வெட்டி, சர்நேமோடு ஒட்டு என்று இரண்டு ஃபங்ஷனைக் கோத்து ஒரு வினவல் எழுதினால் இருவரும் 'ஆர். கிருஷ்ணன்'. தந்தையின் 'ஆர்' அவருடைய தந்தை டி. கே. ராமநாதன். மகனின் 'ஆர்' அவரே. கிருஷ்ணன் என்பது ஒருவருக்கு வைத்த பெயர், இன்னொருவருக்கு அப்பா பெயர். நம் வழக்கப்படி மகன் கி. ரமேஷ் ஆகியிருக்க வேண்டும். இதை எந்த எந்திரமும் காதால் கேட்டுக் கண்டுபிடிக்காது. பெயரில் தடுமாறுவது நாம் மட்டும் என்றும் இல்லை. எஃப்ரா சாலையில் கோயில் தொடங்கிய அதே 1981-இல் மகளிர் பட்டம் வென்ற கிறிஸ் எவர்ட், ஆல் இங்கிலண்ட் கிளப்பின் வெற்றியாளர் பலகையில் கணவர் பெயரோடு 'மிஸஸ் ஜே. எம். லாய்ட்' என்று இருந்தார். மிஸ், மிஸஸ் முன்னொட்டுகளைப் பலகையிலிருந்து எடுத்தது 2022-இல்தான்.

பட்டியலை ஒருவழியாக முடித்த இரவு, விளையாட்டாக ஒரு சொல்லை உள்ளே போட்டேன். தமிழ், ழகரத்துக்கு இசட்-எச். வந்தது டி-520. அதே சொல்லை அரசாங்கம் எழுதுகிறபடி 'எல்' போட்டுக் கொடுத்தால் டி-540, அதாவது தமிழும் தமிழும் வேறு வேறு. சரி, 520-இல் வேறு யார் இருக்கிறார்கள் என்று லண்டன் இடப்பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தேடச் சொன்னேன். மேலே முதலாவதாக வந்து நின்றது தேம்ஸ்.