காசநோயாளியை வீட்டை விட்டு ஒதுக்க வேண்டுமா?

காசநோய் என்றதும் தட்டையும் டம்ளரையும் தனியே வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. இந்நோய் பாத்திரத்தால் அல்ல, இருமும்போது காற்றில்தான் பரவுகிறது.

1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்கு சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். உடன் வாழ்ந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. சரியான மருந்தைத் தொடங்கியதும் பரவும் தன்மை விரைவில் குறைந்துவிடுவதே காரணம்.

ஆகவே, சிகிச்சைக்கு முந்தைய நாட்களே ஆபத்தானவை. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்வோம். மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. பெண் பிள்ளையின் திருமணம் தடைபடுமே என்று நோயை மறைத்தால், அது வீட்டிலுள்ள மற்றவர்களையும் பற்றிக்கொள்ளும்.