மணவிருந்தின் கணக்கு

கலஹாவுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றில், நம்மிடம் கல்வி பயின்ற மாணவி ஒருத்தியின் கலியாணத்துக்குச் சென்றிருந்தோம். லயத்து முற்றத்தில் பந்தல், வாயிலில் வாழை, அயல் லயங்களிலிருந்து இரவல் பெற்ற வாங்குகளும் பாத்திரங்களும். வந்தவர் எவரும் பசியோடு திரும்பவில்லை. மூன்றாம் நாள் பெண்ணின் தந்தையைச் சந்தித்தபோது அவர் கையில் இரண்டு கொப்பிகள் இருந்தன. ஒன்று மொய் எழுதியது. மற்றது கடன் எழுதியது. “சேர், ரெண்டையும் கூட்டிப் பாத்துச் சொல்லுங்க” என்றார். கூட்டினோம். மொய்ப்பணத்தைக் கழித்த பின்னரும், கணவனும் மனைவியும் ஓராண்டு உழைத்தாலும் தீராத தொகை எஞ்சி நின்றது.

அவ்விரு கொப்பிகளும் நம்மை வரலாற்றின் பக்கம் திருப்பின. கண்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மணவிருந்தின் கணக்கை இதுகாறும் எழுதி வந்தவர் யார்? அதற்கு விலை கொடுத்தவர் யார்?

அரண்மனையிலிருந்து தொடங்குவோம். கண்டி மன்னர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து பெண் கொள்ளும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. பட்டத்தரசி அரசகுலத்தவளாக இருத்தல் வேண்டும் என்பது முறை. உள்நாட்டுப் பிரதானி ஒருவரின் மகளை மணந்தாலோ அக்குடும்பத்தின் கை ஓங்கிவிடும். ஆகவே கடல் கடந்து பெண் வந்தாள். அவளோடு உறவினரும் வந்தனர். வந்தவர் திரும்பவில்லை, நகரிலேயே தங்கினர். அவர்கள் குடியிருந்த குமாருப்பே வீதியை ஆங்கிலேயர் மலபார் வீதி என்றனர்.

1739இல் நரேந்திரசிங்கன் மறைந்தபோது, பட்டத்தரசியின் வயிற்றில் வாரிசு இல்லை. அரசியின் சகோதரனே ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடி சூடினான். 1747இல் அவனுக்குப் பின் அவனுடைய அரசியின் சகோதரன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அரியணை ஏறினான். மண விருந்தினராக வந்த குடும்பமே அரச குடும்பம் ஆயிற்று! 1815 மார்ச் 2ஆந் திகதி ஒப்பமான கண்டி ஒப்பந்தமோ, கடைசி மன்னனின் ஆண் உறவினர் அனுமதியின்றி கண்டி மாகாணங்களின் எல்லைக்குள் கால் வைக்கலாகாது என விதித்தது. விருந்தினரை வரவேற்றதும் அரசியல், விரட்டியதும் அரசியல். இடையில் அந்த அரண்மனை அடுப்பை எரிய வைத்தவர், இராசகாரியத்துக்குக் கட்டுண்ட குடியானவரே. அவர் பெயரை எந்த ஏட்டிலே தேடுவது?

கண்டிக் கிராமங்களில் திருமணம் வேறு வகையினது. பெண் கணவன் வீடு செல்வது ‘தீக’. கணவன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது ‘பின்ன’. எவ்வகை மணம் என்பதைப் பொறுத்தே பெண்ணின் நிலவுரிமை அமைந்தது. உறவினர் கூடி உண்ட விருந்தே சாட்சி. தாள் எதுவும் தேவைப்படவில்லை. 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் பலகணவர், பலமனைவியர் வழக்கங்களைத் தடுத்ததுடன், பதிவில்லாத மணம் செல்லாது என்றும் கூறியது. குடியானவர் பலர் பதியவில்லை. ஊரறிய மணந்த தம்பதிகளின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறையற்ற பிள்ளைகளாயினர். ஊரின் சாட்சியம் வேறு, அரசாங்கத்தின் சாட்சியம் வேறு என்னும் பாடத்தை இம்மலைநாடு முதன்முதலில் கற்றது சிங்களக் குடியானவரின் இல்லங்களிலேதான். தமிழ்த் தொழிலாளி அதே பாடத்தை இன்னும் கொடுமையாகக் கற்கவேண்டியிருந்தது.

கம்பளைப் பக்கத்தில் 1820களில் கோப்பி வந்தது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோர் பெரும்பாலும் ஆடவர். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்புவர். கலியாணம் அங்கேதான். 1869இல் கோப்பியை நோய் பற்றியது. ஹேவாஹெட்டப் பகுதியில் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை, பின்னர் மலையெங்கும் பரவியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கும் கை வேண்டும். அது பெரும்பாலும் பெண்ணின் கை. ஆகவே குடும்பங்கள் நிலைத்தன. லயத்துக் கலியாணம் பிறந்தது இவ்வாறே.

12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட அறையில் வாழ்பவன் எங்ஙனம் விருந்து வைப்பான்? முற்றத்தை லயமே விட்டுக்கொடுத்தது. பாத்திரம், விறகு, தண்ணீர், சமைக்கும் கை யாவும் அயலார் தந்தவை. மொய் என்பது வங்கி இல்லாதவனின் வங்கி. இன்று கொடுத்தது நாளை தன் வீட்டுக் காரியத்தில் திரும்பிவரும். இது உழைப்பாளர் தமக்குள் கட்டியெழுப்பிய கூட்டுறவு. இதை நாம் போற்றவே வேண்டும்.

ஆனால் அரிசிக்கும் துணிக்கும் காசு வேண்டுமே! அந்தக் காசு கங்காணியிடம் இருந்தது. ஊரிலிருந்து அழைத்து வந்தபோது தந்த முற்பணத்தின்மேல், கலியாண முற்பணமும் ஏறியது. கங்காணியே கடைக்காரராகவும் இருந்த இடங்களில் கடன் கொடுத்த கையே பண்டமும் விற்றது. தொழிலாளியின் கடன் தொகை ‘துண்டு’ என்னும் சீட்டில் குறிக்கப்பட்டது. புதிய தோட்டம் அக்கடனைத் தீர்க்க ஒப்பினால்தான் அவன் இடம் மாறலாம். விருந்துண்டவர் கையலம்பிச் சென்றனர்; விருந்திட்டவன் அதே மலையில் கட்டுண்டு கிடந்தான். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் கடன் ஒழிந்ததா? 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம், கண்டி போன்ற நடுமலைப் பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம். விருந்துக் கடனைச் சுமக்கும்போது மட்டும் ஆண், பெண் வேறுபாடு இருக்கவில்லை.

இனித் தாளின் கதை. தமிழர் வழக்கப்படி தாலி கட்டி நடக்கும் திருமணம், பதியப்படாவிட்டாலும் செல்லும் என்பதே இந்நாட்டின் பொதுச் சட்டம். எனவே லயத்து மக்கள் பலர் பதிவைப் பொருட்படுத்தவில்லை. பந்தலிலே நூறு பேர் பார்த்ததற்குத் தாள் எதற்கு?

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோர் ஆக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு குறுகிய வாயிலைத் திறந்தது. 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இங்கே இடைவிடாது வாழ்ந்திருக்க வேண்டும்; மனைவி மக்களின் வதிவையும் காட்டவேண்டும். மணமானவர் என்பதற்குத் தாள் எங்கே? பிறப்புக்குத் தாள் எங்கே? பந்தலில் உண்ட நூறு பேரும் நாடற்றோரே. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன. பிரஜாவுரிமை பெற்றவர் ஒன்றரை இலட்சத்தை எட்டவில்லை. இதற்குத் தாளின்மை மட்டும் காரணமன்று. மறுப்பதற்கென்றே இயற்றப்பட்ட சட்டம் அது. எனினும் மறுக்க விரும்பியோருக்குத் தாளின்மை கைக்கெட்டிய கருவியாயிற்று.

1964 ஒக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதியாகப் பிரித்துக்கொண்டன. தாய் ஒரு நாடு, கட்டிக்கொடுத்த மகள் ஒரு நாடு என்று ஆயிற்று. தலைமன்னார் நோக்கிச் சென்ற வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். மணப்பந்தலில் கூடிய சுற்றம் புகையிரத நிலையத்தில் கலைந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை நாடற்றவர் என்ற சொல் நம் மக்களை விட்டு அகலவில்லை.

இவ்வரலாற்றை அறிந்த நாம், இன்று கலியாணம் பேசும் இளைஞர்க்கு என்ன சொல்வோம்? விருந்தே வேண்டாம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஆறு நாளும் பெயர் சொல்லி மதிக்கப்படாதவன், தன் பந்தலில் நின்று “வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்” என்று பிறரை அழைக்கும் ஒரு நாள், மனித மதிப்பின் நாள். அதை எளியவரிடமிருந்து பறிக்க நாம் யார்? ஆனால் அந்த ஒரு நாளுக்காகப் பத்தாண்டை அடகு வைப்பதும் மதிப்பாகாது.

முதலில் பதிவு. தமிழகத்தில் 1928இல் சுக்கிலநத்தத்தில் புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் போன்றவை சட்டத்தின் ஒப்புதலுக்காக 1967 வரை போராடின. நமக்கோ பதிவாளர் முன் இடும் கையொப்பமே போதும். அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் ஒரே வகையாக உள்ளதா என்று மாதங்களுக்கு முன்பே பாருங்கள். தமிழில் ஒன்றும் சிங்களத்தில் வேறொன்றுமாக எழுதப்பட்ட பெயர்கள் நம் பாடசாலை இடாப்பிலேயே எத்தனை!

அடுத்தது கணக்கு. அதைப் பெற்றோர் மட்டுமன்றி மணமக்கள் இருவரும் சேர்ந்து எழுதட்டும். கையிலுள்ள பணம் முதலில், விருந்தினர் பட்டியல் பிறகு. இவ்வரிசை மாறினால் கடன் உள்ளே நுழையும். வரும் என்று நம்பும் மொய்யை வரவில் எழுதலாகாது. அது பிறர்க்குத் திருப்ப வேண்டிய கடன். செலவை இரு வீட்டாரும் பகிர்வது நியாயம். பெண் வீட்டார் தலையில் மட்டும் அதைக் கட்டிவிட்டுச் சீதனம் வாங்கவில்லை எனப் பெருமை பேசுதல் பொய்.

விருந்தினரின் சிரமத்தையும் எண்ண வேண்டும். எசல பெரஹர நாட்களில் கண்டியில் தங்க இடம் அரிது, வீதிகளும் அடைபடும். அந்நாட்களைத் தவிர்க்கலாம். மலையிலிருந்து வருவோர் பொழுது சாயுமுன் பஸ் பிடிக்க வேண்டும். ஆகவே பகல் விருந்தே நல்லது. மண்டபத்துக்கும் வாடகை நிலமே உடைக்கும் கொடுப்பதை விட, லயத்து முற்றமும் அயலாரின் சமையற் கையும் சாலச் சிறந்தவை. முதியோர்க்கும் பிள்ளைகளுக்கும் முதற்பந்தி. சமைத்த பெண்களுக்குக் கடைசிப் பந்தி என்னும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி.

அந்தத் தந்தைக்கு இளைய மகள் ஒருத்தியும் உண்டு. அவளுக்கும் மாப்பிள்ளை பேசியாயிற்று. சென்ற ஞாயிறு அவளும் அப்பிள்ளையும் நம் வீட்டுக்கு வந்திருந்தனர். புதிய கொப்பி ஒன்றைத் திறந்து, கையிலுள்ள தொகையை முதல் வரியில் எழுதினோம். விருந்தினர் பட்டியல் எழுபது பெயரோடு நின்றது. “இன்னும் கொஞ்சப் பேர விட்டுட்டோமே, சேர்” என்று அவள் தயங்கினாள். விடுபட்டவர்களுக்கு மறு ஞாயிறு லயத்தில் தேநீர் கொடுப்பதென முடிவாயிற்று. கொப்பியின் முதற்பக்கத்தின் உச்சியில் ஒரு வரியை வெறுமையாக விட்டிருக்கிறோம். விவாகப் பதிவின் இலக்கத்துக்காக.