கூடாத கணைக்கால் எலும்பு: புத்தூர் கட்டிலிருந்து இலிசரோவ் வளையம் வரை

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள ஐயம்பேட்டை போன்ற பட்டு நெசவூர்களில் வழங்கும் குழித்தறி, கையும் காலும் ஒருங்கே உழைத்தால்தான் ஓடும் கருவியாகும். நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே இறக்கி மிதிகளை மாறி மாறி அழுத்தும்போதுதான் விழுது ஏறி இறங்கிப் பாவு இரண்டாகப் பிரிந்து, நாடா ஓட வழி கிடைக்கிறது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் முன்புறம் தடவினால் தட்டுப்படும் கணைக்கால் எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் கூடாமல் நின்றுவிட்டால், அந்த வீட்டின் தறியும் அதனோடு நின்றுவிடுகிறது.

உடலின் நீண்ட எலும்புகளுள் கூடாமல் அதிகம் தொல்லை தருவது இந்த எலும்பே. அதன் உட்பக்கத்தில் தசைப் போர்வை கிடையாது. தோலுக்கு அடியிலேயே எலும்பு கிடப்பதால், பலமான அடி பட்டவுடன் முறிந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. எலும்பின் உள்ளே இரத்தம் கொண்டு செல்லும் முதன்மைத் தமனி மேற்பகுதியில் பின்புறமாக நுழைந்து கீழ்நோக்கி ஓடுவதால், கீழ் மூன்றிலொரு பகுதியில் முறிவு ஏற்பட்டால் அந்த ஓட்டம் அறுபடுகிறது. 9 மாதம் கடந்தும் கூடாமல், கடைசி 3 மாதங்களில் எக்ஸ்ரேயில் முன்னேற்றம் எதுவும் காட்டாத முறிவையே மருத்துவ நூல்கள் பொதுவாகக் கூடா முறிவு எனக் கொள்கின்றன.

வட தமிழகத்தில் எலும்பு முறிந்தவர்கள் பல தலைமுறைகளாக நாடிச் சென்ற இடம் ஆந்திரத்தின் புத்தூர். வாலாஜாபாத்தில் ரயிலேறினால் அரக்கோணத்தில் மாறித் திருத்தணி வழியாகச் சென்றுவிடக்கூடிய தொலைவுதான். அங்குள்ள ராஜு குடும்பத்தார் பச்சிலை விழுதும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, துணி சுற்றி, மூங்கில் பத்தைகள் வைத்துக் கட்டும் முறை அத்துணை புகழ் பெற்றதால், ‘புத்தூர் கட்டு’ என்ற பலகை தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் தொங்கத் தொடங்கியது. தோல் கிழியாத, அதிகம் விலகாத முறிவுகள் இத்தகைய கட்டுகளில் கூடியது வியப்பன்று. 1960களில் அமெரிக்க மருத்துவர் அகஸ்டோ சார்மியென்டோ, மூட்டை அசையவிட்டு, காலை ஊன்றி நடக்கச் செய்தபடியே கணைக்கால் முறிவைக் கூடவைக்கும் கட்டு முறையை வகுத்தபோது, முறிந்த காலை முற்றிலும் முடக்கத் தேவையில்லை என்பது நவீன மருத்துவத்திலும் நிலைபெற்றது. பத்தைக் கட்டுக்கு எல்லை எழுந்தது வேறிடத்தில்: புண் திறந்திருந்தால் கட்டுக்குள் சீழ் பிடித்தது, இறுகக் கட்டினால் இரத்தம் நின்று கால் அழுகியது, சீழ் பிடித்து எலும்புத் துண்டு செத்துப்போனால் எந்த விழுதாலும் அதை உயிர்ப்பிக்க இயலவில்லை.

முறிவிடத்தைத் தொடாமல், எலும்பில் செருகிய ஊசிகளைத் தோலுக்கு வெளியே ஒரு சட்டத்தில் இணைத்து முறிவை அசையாமல் நிறுத்தும் முறைக்கு வெளிப்பொருத்தி என்று பெயர். டென்வர் நகரின் கிளேட்டன் பார்க்ஹில் 1897இலும், பெல்ஜியத்தின் ஆல்பின் லாம்போட் 1902இலும் இத்தகைய கருவிகளைச் செய்தனர். ஜெனீவாவின் ரவுல் ஹாஃப்மன் 1938இல் அதைச் செம்மைப்படுத்தினார். இவை முறிவைப் பிடித்து நிறுத்தின. இழந்த எலும்பை வளர்க்கும் வழி இவற்றில் இல்லை.

அந்த வழி சைபீரியாவின் ஓரத்திலிருந்து வந்தது. 1921இல் பிறந்த கவ்ரீல் இலிசரோவ், போரில் காலுடைந்து திரும்பியவர்கள் நிறைந்த கூர்கன் வட்டாரத்தில் கிராம மருத்துவராகத் தொடங்கி, 1950களின் தொடக்கத்தில் தம் வளையக் கருவியை உருவாக்கினார். ஒன்றரை மில்லிமீட்டர் அளவே தடித்த கம்பிகளை எலும்பின் குறுக்கே செலுத்தி, முறுக்கேற்றி வளையங்களில் பூட்டி, வளையங்களை மரையிட்ட தண்டுகளால் இணைப்பதே அதன் அமைப்பு. முறிவை நெருக்க வேண்டிய நோயாளி ஒருவர் மரைகளை எதிர்ப்புறம் திருகிவிட, விலகிய இடைவெளியில் புது எலும்பு தோன்றியதை இலிசரோவ் கண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், எலும்பைத் தோலுக்கடியில் நுணுக்கமாக வெட்டி, சில நாள் பொறுத்து, நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் மெல்ல இழுத்தால் இடையில் புது எலும்பு விளையும் என்பதை அவர் பல ஆண்டு ஆய்வால் நிறுவினார்.

கூடாத கணைக்காலுக்கு இதன் பொருள் பெரிது. முறிவிடத்தில் எலும்பு தடித்தும் கூடாதிருந்தால், அங்கே உயிர் உண்டு, உறுதிதான் இல்லை. வளையமிட்டு நெருக்கினாலே பெரும்பாலும் கூடிவிடும். சீழ் பிடித்த முறிவிலோ செத்த எலும்பை வெட்டி எறிய வேண்டும்; அதனால் 6 சென்டிமீட்டர் பள்ளம் விழுந்தால் அதை நிரப்ப, மேலே நல்ல இடத்தில் எலும்பை வெட்டி, அந்தத் துண்டை 60 நாள் கீழ்நோக்கி நகர்த்துவர். தண்டின் மரை இடைவெளி 1 மில்லிமீட்டராதலால் ஒரு முழுச் சுற்று ஒரு நாளின் கணக்கு. அதைக் கால் சுற்றாக 4 வேளைக்குப் பிரித்து, மெக்கானிக் கடையில் கிடக்கும் அதே 10ஆம் நம்பர் ஸ்பேனரால் வீட்டிலேயே திருகிக்கொள்ளலாம். நகர்த்தி முடித்த பின்னும் புது எலும்பு இறுக அதைவிட நெடுநாள் ஆகும். அதுவரை நடக்கலாம், ஊன்றலாம், நாற்காலியில் அமர்ந்து தார் சுற்றலாம்; வளையம் சூழ்ந்த காலைக் குழிக்குள் இறக்கி மிதியை மிதிப்பதுதான் ஆகாது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் தொழிலில் இந்த மாதங்களின் இழப்பை எந்த மருத்துவக் கணக்கும் காட்டுவதில்லை.

இம்முறையின் புகழைச் சோவியத் நாட்டில் பரப்பியவர் 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புருமெல். 1965இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் நொறுங்கிப் பல அறுவைகளுக்குப் பிறகும் கூடாத அவரது கால், 1968இல் கூர்கனில் கூடியது. அவர் மீண்டும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். மேற்கு நாடுகளுக்கு அதைக் கொண்டு சென்றவர் இத்தாலிய மலையேறி கார்லோ மவுரி. 1980இல் அவர் தம் கூடாத கணைக்காலோடு கூர்கன் சென்று குணமடைந்து திரும்பியதைக் கண்ட இத்தாலிய மருத்துவர்கள் மறு ஆண்டே இலிசரோவைத் தம் நாட்டிற்கு அழைத்தனர். அங்குப் பயின்றவர்கள் வழியாக 1980களின் இறுதியில் இந்தியாவுக்கு வந்த வளையம், உள்ளூர்ப் பட்டறைகளில் எஃகில் செய்யப்பட்டு மலிந்தது.

இன்று புதிய முறிவுகளுக்குப் பெரும்பாலும் எலும்பின் உட்குழலில் செலுத்தும் ஆணியே இடப்படுகிறது. வளையம் சீழ் பிடித்தவற்றுக்கும் பள்ளம் விழுந்தவற்றுக்கும் உரியதாகச் சுருங்கியுள்ளது. அவற்றின் எண்ணிக்கை குறைய வேண்டுமானால் விபத்து நேர்ந்த முதல் மணிகளில் புண் ஒழுங்காகக் கழுவப்பட்டு மூடப்பட வேண்டும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறை இந்தத் தொடக்க மணிகளுக்கானதே: தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்தைத் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பிட்டு, நோயாளியின் பிற உடல்நிலைகளையும் சேர்த்து, திறந்த கணைக்கால் முறிவில் காலைக் காக்க இயலுமா என்பதை முதலிலேயே தீர்மானிக்க அது உதவுகிறது. தமிழ்நாட்டில் 2008இல் வந்த 108 ஆம்புலன்சும், 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டு, விபத்துக்குப் பிந்திய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ரூ.1 லட்சம் வரை ஏற்ற ‘இன்னுயிர் காப்போம்’ திட்டமும் அந்த முதல் மணிகளை நோக்கியவை.