ஆட்டுக்காலும் அன்று, கிழங்கும் அன்று

கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாயகங்கை அருவிக்கும் செல்வோர், வழியோரக் கடைகளில் ‘முடவாட்டுக்கால் கிழங்கு’ குவிந்திருக்கக் காணலாம். பழுப்பு மயிர் போர்த்த அதன் தோற்றம் ஆட்டுக்காலையே ஒக்கும். தோலைச் சீவி, நறுக்கி இடித்து, மிளகும் சீரகமும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் சூப் ஆயிற்று. மூட்டுவலிக்கு நல்லது என்பது மக்கள் நம்பிக்கை.

தாவரவியலார் இதனைக் கிழங்கென ஒப்புவதில்லை. பாறைகளையும் மரங்களையும் பற்றிப் படரும் ஒரு பெரணியின் தண்டே இது. 1753-இல் லின்னேயஸ் இதற்கு ஓக் மரத்தின் இலை போன்ற இலையுடையது என்னும் பொருள்படப் பெயரிட்டார். அவர் இலையைப் பார்த்தார். நம்மவர் காலைப் பார்த்தனர். சமைப்பவருக்கு இலையால் ஆவதென்ன?

வகைப்படுத்தும் கலை தமிழர்க்குப் புதிதன்று. புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரமுடையவற்றை மரம் என்றும் பிரித்தது தொல்காப்பிய மரபியல். அதன்படி பனையும் தென்னையும் புல்லினம். வழக்கு இதனை ஏற்கவில்லை. இன்றும் நமக்கு அவை மரங்களே. ஆயினும் பனையும் புல்லும் ஒருவித்திலைத் தாவரங்கள் என இன்றைய தாவரவியல் கூறும்போது, அப்பழம் புலவரின் கூர்மை நம்மை வியக்க வைக்கிறது.

இவ்வழக்கு ஒருமுறை நீதிமன்றமும் ஏறியது. காய்கறிக்கு வரி, பழத்திற்கு வரியில்லை என்றிருந்த அமெரிக்காவில், தக்காளி பழமே என வணிகர் வாதிட்டனர். தாவரவியற்படி அது கனிதான் என ஒப்புக்கொண்ட உச்சநீதிமன்றம், மக்கள் அதை உணவோடு உண்கின்றனரேயன்றி உணவுக்குப்பின் பழமாக உண்பதில்லை எனக் கூறி, 1893-இல் காய்கறி என்றே தீர்ப்பளித்தது. நாம் அத்தீர்ப்பில் குறை காணோம். கொல்லிமலைப் பலாவும் பிஞ்சில் கறி, பழுத்தால் பழம். தாவரவியலுக்கோ பல பூக்கள் இணைந்துண்டான கூட்டுக்கனி.

ஆனால் முடவாட்டுக்காலில் மட்டும் அடுக்களைப் பெயர் ஓர் உண்மையை மறைத்துவிடுகிறது. கிழங்கு என்றதும், சேனையைப்போல் தோண்டி எடுத்து, ஒரு துண்டை நட்டு, அடுத்த ஆண்டும் பெறலாம் என்றே நம் மனம் எண்ணுகிறது. இதுவோ பயிரன்று, காட்டில் தானே வளர்வது. பூவோ விதையோ இல்லாமல், இலையடியில் தோன்றும் நுண்தூளால் பெருகுவது. தண்டை முழுதும் பெயர்த்தால் செடியே போயிற்று. அதன் அடியிலைகள் காய்ந்த பின்னும் உதிராமல் நின்று, விழும் சருகுகளைத் தாங்கி, மண்ணற்ற பாறைமீது தனக்கென மண் சேர்க்கின்றன. தண்டோடு அந்த மண்ணும் பாறையை விட்டுப் போகிறது.