முடிசூடா மன்னர் லொரென்சோ

பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலி ஒரு குடைக்கீழ் அமைந்த நாடன்று. வெனிஸ், மிலான், நேப்பிள்ஸ், புளோரன்ஸ், போப்பாண்டவரின் ஆட்சிப்பகுதி எனப் பல அரசுகளாய்ப் பிரிந்து கிடந்தது. அவற்றுள் புளோரன்ஸ் ஒரு குடியரசு. அங்கு மன்னர் இல்லை. ஆயினும், வங்கித் தொழிலால் பெரும்பொருள் ஈட்டிய மெடிசி குடும்பத்தாரே 1434 முதல் அந்நகரை நடத்தி வந்தனர். 1469-இல் தந்தை பியரோ மறைந்தபோது, இருபது வயதே நிரம்பிய லொரென்சோ அப்பொறுப்பை ஏற்றார்.

செல்வாக்கு வளர்ந்தால் பகையும் வளரும். 1478 ஏப்ரல் 26-ஆம் நாள், நகரின் பேராலயத்தில் வழிபாடு நடந்துகொண்டிருந்த வேளையில், பாட்சி குடும்பத்தாரும் அவர்தம் கூட்டாளிகளும் வாளுருவிப் பாய்ந்தனர். தம்பி ஜூலியானோ அங்கேயே மாண்டார். லொரென்சோ கழுத்துக் காயத்தோடு உயிர் தப்பினார். சதியில் பங்குகொண்ட பீசா நகரப் பேராயர் தூக்கிலிடப்பட்டார். அதனால் சினமுற்ற போப்பாண்டவர் நான்காம் சிக்ஸ்டஸ், நேப்பிள்ஸ் மன்னரோடு சேர்ந்து புளோரன்ஸ்மீது போர் தொடுத்தார். போர் நீடிக்க, நகரம் தளர்ந்தது. 1479 டிசம்பரில் லொரென்சோ பகைவராகிய நேப்பிள்ஸ் மன்னரைத் தேடித் தாமே சென்றார். 1480-இல் உடன்படிக்கையோடு திரும்பினார். படையால் ஆகாததைச் சொல்லால் முடித்த திறம் அது.

கலைக்கும் கல்விக்கும் அவர் ஆற்றிய தொண்டு பெரிது. பிச்சினோ, பொலிசியானோ முதலிய அறிஞர்களை ஆதரித்தார். சிறுவனாயிருந்த மைக்கலாஞ்சலோவைத் தம் இல்லத்தில் வைத்து வளர்த்தார். கற்றோர் பலர் இலத்தீனில் எழுதுவதையே பெருமையாகக் கருதிய அக்காலத்தில், மக்கள் பேசிய டஸ்கன் மொழியில் கவிதை இயற்றினார். உயர்ந்த கருத்துகளைத் தாங்கும் வலிமை தாய்மொழிக்கும் உண்டென வாதிட்டும் எழுதினார்.

எனினும், நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. 1472-இல் படிகாரச் சுரங்கம் பற்றிய பூசலில் வொல்டெர்ரா நகர்மீது படை ஏவப்பட்டது, அந்நகர் சூறையாடப்பட்டது. 1480-இல் அவர் அமைத்த எழுபதின்மர் அவையால் அதிகாரம் சிலர் கையில் குவிந்தது. குடியரசின் பெயர் நின்றது, உயிர் மெலிந்தது. மேற்பார்வை குன்றிய குடும்ப வங்கியின் இலண்டன், புரூஜ் கிளைகளும் மூடப்பட்டன.

1492-இல், நாற்பத்து மூன்றாம் வயதில், லொரென்சோ மறைந்தார். இரண்டே ஆண்டுகளில் அவர் மகன் பியரோ நகரைவிட்டுத் துரத்தப்பட்டார், வங்கியும் வீழ்ந்தது. மற்றொரு மகன் 1513-இல் பத்தாம் லியோ என்னும் போப்பாண்டவரானார். மீண்டும் தலையெடுத்த மெடிசி குடும்பம் 1532-இல் கோமகன் பட்டத்தையே பெற்றது; குடியரசு மறைந்தது. லொரென்சோ தொடங்கிய அதிகாரக் குவிப்பின் முடிவு அது.

ஆனால் அக்குடும்பத்தார் திரட்டிய ஏடுகள், மைக்கலாஞ்சலோ வடிவமைத்த நூலகத்தில் 1571-இல் இடம்பெற்று, இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. தமக்கெனச் சேர்த்த அதிகாரம் மக்களின் உரிமையைத் தின்றது. மொழிக்கும் கலைக்கும் கொடுத்த கொடையோ காலத்தை வென்றது. வரலாறு பயில்வோர் இவ்விரண்டையும் ஒருசேர வைத்தே லொரென்சோவை எடைபோடல் வேண்டும்.