கான்ஸ்டான்ஷியா ஒயினும் சோழமண்டலக் கரையின் அடிமைகளும்

2021இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில், 1821ஆம் ஆண்டு ஒயின் ஒரு புட்டி 4,20,000 ராண்டுக்கு விலைபோனது. அது கேப்டவுன் அருகிலுள்ள குரூட் கான்ஸ்டான்ஷியா தோட்டத்தின் ஒயின். சதுரங்கப்பட்டினத்தில் நிற்கும் நமக்கு அதனுடன் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு தோழர்களே.

இங்கே கடற்கரையில் சிதைந்து நிற்கும் கோட்டையைக் கட்டிய அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் நன்னம்பிக்கை முனையையும் ஆண்டது. பின்னர் அங்கு ஆளுநரான சைமன் வான் டெர் ஸ்டெல் 1685இல் கான்ஸ்டான்ஷியா நிலத்தைப் பெற்றார். 1778 முதல் 1885 வரை அது குளோத்தே குடும்பத்தின் சொத்து. அதன் சிவப்பு, வெள்ளை இனிப்பு ஒயின்களை ஐரோப்பிய அரசர்கள் சேர்த்து வைத்தார்கள். செயின்ட் ஹெலினாத் தீவில் சிறைப்பட்டிருந்த நெப்போலியனுக்கும் அது போனது.

அந்தக் கொடிகளை நட்டவர்களும் அறுவடை செய்தவர்களும் அடிமைகள். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகளோடு வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்தும் அவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 1659–61இல் தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது கம்பெனி ஆயிரக்கணக்கானோரை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றியது. கேப் பதிவேடுகளில் அடிமைகளின் சொந்தப் பெயர் பெரும்பாலும் இருக்காது. எசமான் வைத்த பெயரும் பிடித்துவந்த கரையின் பெயரும்தான் இருக்கும். சிலருக்கு மாதத்தின் பெயரையே வைத்தார்கள். அவர்களுடைய சாதியும் அதில் இல்லை. ஆனால் பஞ்சத்தில் முதலில் விலைபோகிறவர் யார்? நிலமும் குதிரில் நெல்லும் இல்லாதவர்தானே?

அந்த 1821 புட்டி நிரம்பியபோது அங்கே அடிமை முறை ஒழியவில்லை. 1834இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உண்மையான விடுதலை கிடைக்க 1838 ஆனது. பிரிட்டிஷ் அரசு தன் பேரரசெங்கும் இருந்த அடிமை உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அடிமைகளுக்குக் காசும் இல்லை, நிலமும் இல்லை. ஆகவே அவர்கள் அதே தோட்டங்களில் கூலிகளானார்கள். கூலியில் ஒரு பகுதியை மலிவு ஒயினாகவே கொடுக்கும் 'டாப்' முறை 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்து தலைமுறைகளைக் குடிநோயில் தள்ளியது.

செங்கல்பட்டின் கதையும் இதுதான். 1843இல் இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு நீங்கியது. மிராசுதாரரின் நிலப்பிடி நீங்கவில்லை. படியாள் படியாளாகவே இருந்தார். இதைத்தான் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலமும் பறிபோனது. அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள்.

நிலம் சேராத விடுதலை பாதி விடுதலைதான். சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போகும் மாணவர்கள் டச்சுக்காரர்களின் கல்லறை எழுத்துகளைப் பாருங்கள். பிறகு உங்கள் ஊர் வருவாய்ப் பதிவேட்டில் பஞ்சமி நிலம் எவ்வளவு, இன்று அது யார் பெயரில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள்.